கோணல் ஹெட்டும் கூத்துக் களமும்

செஞ்சியின் வரலாற்றை எழுதியவர்கள் கல்வெட்டையும் கடிதத்தையும் போர்க்களக் குறிப்பையுமே முதன்மைச் சான்றுகளாகக் கொண்டனர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்த இக்கோட்டை, நாயக்கர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானியருக்கும், 1677இல் சிவாஜிக்கும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயருக்கும், 1750இல் பிரெஞ்சுக்காரருக்கும், 1761இல் ஆங்கிலேயருக்கும் கைமாறிய விவரங்களை 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். ஸ்ரீநிவாசாச்சாரியின் நூல் விரித்துரைக்கிறது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராத்தியப் படைக் கோட்டைகள் பன்னிரண்டினை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டுக்கு உரியதாக இருந்ததும் செஞ்சி ஒன்றே. இவை யாவும் கண்ணால் காணத்தக்க வரலாறு. இதே மண்ணுக்குச் செவியால் மட்டுமே அறியத்தக்க மற்றொரு வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதில் எஞ்சியது எவ்வளவு, எஞ்சியதும் எவ்வளவு தெளிவோடு கேட்கிறது என்பதைத் தீர்மானித்தவற்றுள், காந்த நாடாவின் மீது உரசி நிற்கும் ஹெட் என்னும் கட்டைவிரல் நகத்தளவான உலோகத் துண்டும் ஒன்று.

செஞ்சிக்கு அருகே, பழைய செஞ்சி என்று வழங்கும் மேலச்சேரியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை, வட தமிழ்நாட்டில் பரவிக் கிடக்கும் திரௌபதி வழிபாட்டின் மூலத்தலமாக அவ்வழிபாட்டினர் கருதுகின்றனர். செஞ்சியை ஆண்ட சுனீதன் என்னும் அரசனுக்கு அரக்கனால் நேர்ந்த இடரை நீக்கத் திரௌபதி இம்மண்ணில் மீண்டும் தோன்றினாள் என்பதும், அவளுக்குக் காவலனாகப் போத்துராஜா அமைந்தான் என்பதும் இவ்வட்டார மரபு. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்ட்டல் 1988இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய ஆய்வின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று துணைத்தலைப்பிட்டதற்குக் காரணம் இதுவே. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் விடிய விடியக் கூத்தும், இறுதியில் படுகளமும் தீமிதியும் நடைபெறும். மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் ஆகியவற்றோடு, ஒலிபெருக்கி வராத காலத்தில் ஊர் முழுதும் கேட்கும்படி உச்சத்தில் எடுத்த குரலே கூத்தின் உயிராக இருந்தது. கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் பேச்சோ கூத்துக்குக் கூத்து மாறுவது. எந்த ஏட்டிலும் முழுமையாக எழுதப்படாதது.

இதனோடு தேசிங்குராஜன் கதையையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானுக்குக் கப்பம் கட்ட மறுத்து 1714ஆம் ஆண்டு அக்டோபரில் போரில் மடிந்த தேஜ்சிங் என்னும் இளைஞன், மக்கள் வாயில் தேசிங்கு ஆனான். அவனுடைய முஸ்லிம் நண்பன் மகபத்கானும், நீலவேணி என்னும் குதிரையும், உடன்கட்டை ஏறிய ராணிபாயும் கதைப்பாடலில் இடம்பெற்றனர். பெரிய எழுத்துப் பதிப்பாக இரத்தின நாயக்கர் நிறுவனத்தார் அச்சிட்ட நூல் பல தலைமுறைகளாகச் சந்தைகளில் விற்றது, 1960இல் ஜி. ராமநாதன் இசையில் எம்.ஜி.ஆர். நடித்த படமாகவும் அக்கதை வந்தது. ஆயினும் அச்சு நூலில் இருப்பது சொற்கள் மட்டுமே. மெட்டும், இழுப்பும், பாடுவோன் மூச்சு வாங்கும் இடமும், பின்பாட்டுக்காரன் ஏற்கும் இடமும் அச்சில் ஏறுவதில்லை. அவற்றைப் பிடித்து வைக்க நாட்டுப்புறத்துக்கு வந்த முதல் தகுந்த கருவி காந்த நாடாப் பதிவுப் பொறி. தமிழ்நாட்டில் பின்னர் கேசட்டிலிருந்து அதனைப் பிரித்துக் காட்ட ஸ்பூல் டேப் ரெக்கார்டர் என்று அழைத்தனர்.

காந்தத்தில் ஒலியைப் பதியலாம் என்பதை டென்மார்க்கின் வால்டெமார் பௌல்சென் 1898இல் எஃகுக் கம்பியைக் கொண்டு மெய்ப்பித்தார். மெல்லிய தாளின் மீது இரும்புத் துகள் பூசி நாடாவாக்கும் முறைக்கு 1928இல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஃப்ளூமர் காப்புரிமை பெற்றார். பெர்லினில் 1935இல் ஏ.இ.ஜி. நிறுவனம் மேக்னெட்டோஃபோன் என்னும் பொறியைக் காட்சிக்கு வைத்தது. இவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் பெயர் எட்வர்ட் ஷூல்லர் என்பது. முந்தைய பொறிகளில் ஊசிபோல் கூரிய முனைகள் கம்பியைத் தொட்டன. அதே அமைப்பைத் தாள் நாடாவில் பயன்படுத்தினால் நாடா கிழியும். வளையம் போன்ற இரும்புக் கருவைச் செய்து, அதன் ஒரு புறத்தில் மயிரிழையினும் மெல்லிய இடைவெளி விட்டு, அவ்விடைவெளி மீது நாடா வழுக்கிச் செல்லும்படி ஷூல்லர் 1933இல் வகுத்த வளைய ஹெட், இன்று வரை அடிப்படையில் மாறவில்லை. ஒலிநாடாவைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நாடாவைச் செய்தவர் பெயரைச் சொல்வதே வழக்கம். வளைய ஹெட் இல்லாவிடில் அந்நாடா ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

முழுமையான பொறியில் மூன்று ஹெட்கள் வரிசையாக நிற்கும். முதலாவது அழிக்கும் ஹெட். நாடாவில் முன்பிருந்த பதிவை உயர் அதிர்வெண் மின்னோட்டத்தால் நீக்குவதால் அதன் இடைவெளி மற்றவற்றினும் மிக அகன்றிருக்கும். இரண்டாவது பதியும் ஹெட். அதன் இடைவெளி ஏறத்தாழப் பத்து மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. மூன்றாவது கேட்கும் ஹெட். நுண்ணிய அலைகளையும் பிரித்தறிய வேண்டியிருப்பதால் இதன் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரானுக்குள் அமையும். பதியும் ஹெட்டுக்குக் குரலின் மின்னோட்டத்தோடு காதுக்குக் கேளாத உயர் அதிர்வெண் மின்னோட்டம் ஒன்றையும் கலந்து அனுப்புவர். பயாஸ் எனப்படும் இம்முறையை 1940இல் ஜெர்மன் வானொலியின் பிரவுன்மூல், வெபர் ஆகிய இருவரும் செம்மைப்படுத்திய பின்னரே நாடாவின் ஒலி இசைத்தட்டை விஞ்சியது. வீட்டு உபயோகத்துக்கான மலிவான பொறிகளில் பதிவதையும் கேட்பதையும் ஒரே ஹெட் செய்தது. விலையைக் குறைக்கச் செய்த இந்தச் சிக்கனத்தின் விளைவு, செஞ்சி போன்ற ஊர்களின் ஒலி வரலாற்றைப் பொறுத்தவரை மிகப் பெரிது. அது பின்னர் விளங்கும்.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூனிலும் திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கியபோது நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடியாகவே ஒலிபரப்பாயின. பதிவு வேண்டுமெனில் தட்டில் வெட்டினர். உலகப் போருக்குப் பின் நாடாப் பொறிகள் நிலையங்களுக்கு வந்து, 1957 அக்டோபரில் விவித்பாரதி என்னும் வானொலிச் சேவை தொடங்கியபோது அவை இன்றியமையாதவை ஆயின. ஓரிடத்தில் ஒரு பொறியில் பதிந்து, படியெடுத்து, பல நூறு கல் தொலைவில் உள்ள வேறொரு பொறியில் ஓட்டுவதே அச்சேவையின் அடிப்படை. ஆகவே இங்குள்ள ஹெட்டும் அங்குள்ள ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டிய கட்டாயம் எழுந்தது. புதுச்சேரி நிலையம் 1967இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. செஞ்சி வட்டாரம் அதன் ஒலிபரப்பு எல்லைக்குள் அமைந்தது. இத்தகைய நிலையங்களின் பொறியாளர்களுக்கு ஹெட்டை நேராக்குதல் என்பது அவ்வப்போது வரும் பழுது வேலையன்று, முறை தவறாமல் செய்ய வேண்டிய அன்றாடப் பராமரிப்பு.

நேராக்குதல் என்பதன் பொருளைச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். ஒரு ஹெட் நான்கு வகைகளில் பிசகக் கூடும். மேலும் கீழும் நகர்ந்தால் உயரம் தவறும். அப்போது நாடாவில் பதிந்த தடத்தின் ஒரு பகுதியை ஹெட் தவறவிடும். முன்னோ பின்னோ சாய்ந்தால் நாடாவின் ஒரு விளிம்பு மட்டும் அழுத்தமாக உரசி, மற்ற விளிம்பு தொய்யும். இடமோ வலமோ திரும்பியிருந்தால் நாடா வளைந்து செல்லும் இடத்தின் நடுவில் இடைவெளி அமையாது. இம்மூன்றினும் நுட்பமானது நான்காவது. நாடா ஓடும் திசைக்கு இடைவெளி மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பது. அசிமுத் என்று தொழிலில் வழங்கும் இக்கோணம் சிறிதே பிசகினாலும், ஒரே அலையின் மேடும் பள்ளமும் இடைவெளியின் மேல்முனையையும் கீழ்முனையையும் வேறு வேறு கணத்தில் கடக்க நேரிட்டு, ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும்.

இவ்விழப்பைக் கணக்கிட்டுப் பார்த்தால் அதன் கடுமை புலனாகும். நாடாவின் அகலம் ஏறத்தாழ 6.3 மில்லிமீட்டர், ஒலிபரப்பு நிலையங்களில் அவ்வகலம் முழுவதையும் ஒரே தடமாகப் பயன்படுத்துவதுண்டு. நொடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி பதியும்போது ஓர் அலையின் நீளம் 19 மைக்ரான். பாகையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஹெட் சாய்ந்தால், தடத்தின் இரு விளிம்புகளுக்கும் இடையே 11 மைக்ரான் பிசகு ஏற்படும். அதாவது அரை அலைக்கும் மேல். விளைவாக அவ்வொலியின் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். வேகத்தை 38 சென்டிமீட்டராக இரட்டித்தால் இழப்பு எட்டில் ஒரு பங்கு அளவிலேயே நிற்கும். வீட்டுப் பொறிகளில் வழங்கிய, நாடாவை நான்கு தடங்களாகப் பகுத்து ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள காற்தடப் பதிவில், 9.5 சென்டிமீட்டர் வேகத்திலும் அதே சாய்வினால் வரும் இழப்பு இருபதில் ஒரு பங்கு அளவுதான். நிலையத்தின் விலையுயர்ந்த பதிவைவிட வீட்டுப் பொறியின் குறுகிய தடம் இவ்வகையில் பொறுமை மிக்கது என்பது பலரும் எதிர்பாராத உண்மை. ஆனால் உயரம் பிசகினால் அதே குறுகிய தடத்துக்கு மன்னிப்பில்லை. அரை மில்லிமீட்டர் தவறினால் பாதிக் குரல் போய்விடும். தாழ்ந்த ஒலிகளுக்குக் கோணப் பிசகின் இழப்பு பெரிதன்று. மத்தளத்தின் தொப்பி அப்படியே கேட்கும். தாளத்தின் கிணுகிணுப்பும், முகவீணையின் கூர்மையும், சகர வல்லொலிகளும் மங்கும். கேட்பவர், பாடியவருக்குத் தொண்டை கட்டியிருந்தது என்று எண்ணிக்கொள்வார்.

கூத்தை ஸ்பூலில் பதிய முற்பட்டவருக்கு முதலில் எதிர்ப்பட்டது கோணக் கணக்கன்று, நேரக் கணக்கு. ஏழு அங்குல ஸ்பூல் ஒன்றில் 1,200 அடி நாடா இருக்கும். 19 சென்டிமீட்டர் வேகத்தில் அது அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகமாக ஓடும். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை எட்டு மணி நேரம் நடக்கும் கூத்தை முழுத் தடத்தில் பிடிக்க அத்தகைய ஸ்பூல்கள் பதினைந்து வேண்டும். ஒவ்வொன்றும் முடியும்போது ஸ்பூலை மாற்றும் இடைவெளியில் கூத்து நிற்பதில்லை. மெல்லிய நாடாவை 1,800 அடி சுற்றி, 9.5 சென்டிமீட்டரில் ஓட்டி, நான்கு தடங்களையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தினால் ஒரே ஸ்பூலில் ஆறு மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நாடா விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில் தனியார் எந்த வழியை நாடியிருப்பர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. களப் பதிவுக்கென்றே ஐரோப்பாவில் உருவான சிறு பொறிகள், குறிப்பாக ஸ்டெஃபான் குடெல்ஸ்கியின் நாக்ராவும் 1961இல் வந்த ஊகர் 4000 வரிசையும், பாட்டரியில் ஓடியதால் மின்சாரம் எட்டாத ஊர்களிலும் பயன்பட்டன. ஊகரில் ஐந்து அங்குல ஸ்பூல் மட்டுமே ஏறும் என்பதால் நேரத்தின் நெருக்கடி அங்கு இன்னும் கூடியது.

தமிழ் வாய்மொழிக் காப்பியம் ஒன்று ஸ்பூல் நாடாவில் விரிவாகப் பதிவான வகையில் பெயர் பெற்றது, செஞ்சியிலன்று, கொங்கு நாட்டில் நிகழ்ந்தது. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பகுதிச் சிற்றூரில் 1965இல் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாடகர்கள் பல இரவுகள் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். அப்பதிவிலிருந்தே அவருடைய 1982ஆம் ஆண்டு ஆய்வு நூலும், பின்னர் 1992இல் மூலமும் மொழிபெயர்ப்புமாக அமைந்த பதிப்பும் உருவாயின. ஒரு பதிவு இத்தனை ஆண்டுகள் பயன்பட வேண்டுமாயின் அது பலமுறை, பல பொறிகளில், பல நாடுகளில் ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் பதிந்த ஹெட்டின் கோணமும் கேட்கும் ஹெட்டின் கோணமும் சந்திக்கின்றன. எழுத்துப் படிக்கு ஏடு பெயர்த்தெழுதியவனின் கைப்பிழை எப்படியோ, ஒலிப் படிக்குக் கோணப் பிசகு அப்படி. ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டுப் பிழையை வேறு ஏட்டோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்; ஒரே இரவில் ஒரே முறை பாடியதற்கு வேறு ஏடு இல்லை.

ஹெட் தேய்வது இயல்பு. நாடாவின் இரும்பு ஆக்சைடு பூச்சு மிக மென்மையான உப்புத்தாளுக்கு ஒப்பானது. மியூமெட்டல், பெர்மலாய் முதலிய மென்மையான கலப்புலோகத் தகடுகளால் ஆன ஹெட்டை அது சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்த்துப் பள்ளமாக்கிவிடும். தேய்மானம் கூடக்கூட ஹெட்டின் முகத்தில் நாடாவின் அகலத்துக்கு ஒரு தடம் விழும். அத்தடத்தின் கரைகளில் ஏறி நாடா ஹெட்டோடு ஒட்டாமல் விலகும்போது உச்ச ஒலிகள் அலைபாயும். இடைவெளியின் ஆழம் குறையும்போது ஒலி ஓரளவு கூடுவதும் உண்டு. அனுபவமற்றவர் ஹெட் நன்றாக இருப்பதாக எண்ணும் அக்கட்டத்துக்குப் பின் இடைவெளி விரைவில் திறந்துகொண்டு ஹெட் முற்றிலும் பயனற்றுப் போகும். தேய்மானத்தைத் தவிர்க்க ஜப்பானின் அக்காய் நிறுவனம் கண்ணாடியில் பதித்த ஃபெரைட் படிகத்தால் ஹெட்களைச் செய்தது. அவை உலோக ஹெட்டினும் பன்மடங்கு உழைத்தன, ஆனால் தட்டினால் விளிம்பு சிதறக் கூடியவை. செஞ்சி போன்ற உள்நாட்டு ஊர்களில் கோடைப் புழுதியும், மழைக்காலத்து ஈரத்தில் நாடாவின் மீது படரும் பூஞ்சையும் இத்தேய்மானத்தை விரைவுபடுத்தின.

தேய்ந்த ஹெட்டுக்கு இரு வழிகள். தடம் ஆழமாக விழாதிருந்தால், மிக நுண்ணிய உரைதாளின் மீது ஹெட்டின் முகத்தை அதன் வளைவு மாறாமல் இழைத்துச் சமன் செய்யலாம். கை சிறிது கூடினாலும் இடைவெளியே திறந்துவிடும் என்பதால் இது எல்லோரும் துணியும் வேலையன்று. மற்றது ஹெட்டை மாற்றுதல். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் அதே பொறிக்கு உரிய ஹெட் கிடைப்பது அரிதாகையால், சென்னை ரிச்சி தெருவில் கிடைத்த வேறொரு பொறியின் ஹெட்டைப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் தோன்றியது. இங்கே அளவு பொருந்தினால் மட்டும் போதாது. சுருளின் மின்தூண்டல் வேறானால் பயாஸ் மின்னோட்டம் குறைந்தோ மிகுந்தோ போகும். குறைந்தால் ஒலி கரகரக்கும், மிகுந்தால் மங்கும். அரைத்தடப் பொறியில் காற்தட ஹெட் பொருத்தப்பட்டால் தடங்களே ஒன்றுக்கொன்று பொருந்தா. சுருள் அறுந்துள்ளதா என்று சாதாரண ஓம் மீட்டரால் சோதிப்பதும் தீங்கே. மீட்டர் செலுத்தும் நேர்மின்னோட்டம் ஹெட்டைக் காந்தமாக்கி, அதன் பின் ஓடும் ஒவ்வொரு நாடாவிலும் இரைச்சலை ஏற்றும். ஆகவே மாற்றி முடித்ததும் காந்தநீக்கியை மெல்ல அருகே கொண்டுவந்து மெல்ல விலக்குவது வழக்கம். விலக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தினால் காந்தம் முன்னிலும் மிகும்.

புதிய ஹெட்டை நிலைநிறுத்தும் வரிசையும் தொழில் வழக்கில் உறுதிப்பட்டுள்ளது. முதலில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, காந்தம் நீக்கி, உயரத்தையும் சாய்வையும் கண்ணளவில் சரிசெய்வர். முகத்தில் எழுதுகோல் மையைப் பூசி நாடாவைச் சிறிது ஓட்டினால், மை அழிந்த இடத்தின் வடிவமே சாய்வைக் காட்டிவிடும். அழிந்த பட்டை மேலும் கீழும் ஒரே அகலமாக, இடைவெளியை நடுவில் கொண்டு அமைய வேண்டும். அடுத்து, தொழிற்சாலையில் முழுத் தடத்தில் மிகத் துல்லியமாகப் பதிந்த சோதனை நாடாவை ஓட்டி, கேட்கும் ஹெட்டின் பக்கத்துத் திருகை நுணுக்கமாகத் திருப்பி, உச்ச ஒலி மிகப் பெரிதாகக் கேட்கும் நிலையில் நிறுத்துவர். எடுத்த எடுப்பில் 10,000 ஹெர்ட்ஸில் தொடங்குவோர் ஏமாறுவதுண்டு. கோணம் பெரிதும் பிசகியிருக்கும்போது உண்மையான உச்சத்தின் இருபுறமும் பொய்யுச்சங்கள் தோன்றும்; அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு திருகுக்கு அரக்கு வைத்துவிட்டால், மெய்யான உச்சத்தில் கிடைப்பதில் நான்கில் ஒரு பங்கு வலிமைகூட மிஞ்சாது. தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவதே முறை. கேட்கும் ஹெட் நேரான பின்பே பதியும் ஹெட்டுக்கு வருவர். வெற்று நாடாவில் பதிந்துகொண்டே கேட்டு, ஒன்றின் கோணத்துக்கு மற்றொன்றை இணக்குவர். பயாஸும் ஒலிச் சமனும் கடைசியில் வரும். அமெரிக்க முறையான நேப், ஐரோப்பிய முறையான சிசிஐஆர் என இருவேறு சமன் வழக்குகள் உள்ளமையால், ஒரு முறையில் பதிந்ததை மற்றதில் கேட்டால் ஒலி கூரியதாகவோ மங்கியதாகவோ தோன்றும். இதனைக் கோணப் பிசகு என்று மயங்கித் திருகைத் திருப்பியோரும் உளர்.

ஒரே ஹெட்டில் பதிந்து கேட்கும் வீட்டுப் பொறியின் விந்தை இங்கேதான் வெளிப்படுகிறது. அந்த ஹெட் எத்தனை கோணலாக இருந்தாலும், அதில் பதிந்ததை அதிலேயே கேட்கும்போது பிழை தெரியாது. பதியும்போது நேர்ந்த சாய்வும் கேட்கும்போது நேரும் சாய்வும் ஒன்றே என்பதால் அலைகள் பிசகாமல் பொருந்திவிடும். உரிமையாளருக்குப் பொறி குறையற்றதாகவே தோன்றும். பல ஆண்டுகள் கழித்து ஹெட் தேய்ந்து, தேர்ந்த பழுதுபார்ப்பவர் ஒருவர் அதை மாற்றி, சோதனை நாடாவால் நேராக்கித் தந்ததும், திருமணப் பாட்டும் கூத்தும் அடங்கிய பழைய ஸ்பூல்கள் அனைத்தும் ஒரேயடியாக மங்கிப் போகும். வேலையைக் கெடுத்துவிட்டார் என்ற பழி பழுதுபார்ப்பவர் மீது விழும். வேலை கெடவில்லை; பொறி இப்போது உலகத்தோடு ஒத்துப்போகிறது, தன் பழைய பதிவுகளோடு மட்டும் முரண்படுகிறது. ஹெட்டின் நேர்மை என்பது பொறியின் பண்பன்று, பொறிக்கும் ஒரு குறிப்பிட்ட நாடாவுக்கும் இடையிலான உறவு என்பதை இத்தொழிலின் வரலாறு இவ்வாறு கற்பித்தது. வானொலி நிலையத்துக்குச் சோதனை நாடாவே அளவுகோல். நாட்டுப்புறக் கலைப் பதிவைக் காப்பவருக்கு, எந்தக் கோணல் ஹெட்டில் பதியப்பட்டதோ அந்தக் கோணலே அளவுகோல்.

ஆவணக் காப்பகங்கள் இக்கருத்தை மெல்லவே ஏற்றன. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் எடுத்த களப் பதிவுகளின் படிகள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்னும் நோக்கோடு, அமெரிக்க இந்தியவியல் நிறுவனத்தின் இசையியல் காப்பகம் 1982இல் தொடங்கப்பெற்று இப்போது குருகிராமில் இயங்குகிறது. உலக ஒலி, ஒளிக் காப்பகங்களின் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. 2004இல் முதலில் வெளியிட்ட தொழில்நுட்ப வழிகாட்டி, எண்மயமாக்கத்துக்குக் குறைந்தது நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவைப் பரிந்துரைப்பதோடு, கேட்கும் ஹெட்டின் கோணத்தை ஒவ்வொரு நாடாவுக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. இரண்டாவதைவிட முதலாவதற்கே நிறுவனங்கள் பணம் ஒதுக்குகின்றன. பிட் எண்ணிக்கையை விலைப்பட்டியலில் எழுத முடியும். நாடாவுக்கு நாடா திருகைத் திருப்பிச் செவியால் தேர்பவரின் நேரத்தை எழுதுவது கடினம். கோணல் ஹெட்டில் மங்கலாக எடுத்த படியை எத்தனை பிட்டில் சேமித்தாலும் அது துல்லியமாகச் சேமித்த மங்கலே.

அகன்ற முழுத்தட ஹெட் உள்ள நிலையப் பொறியில் காற்தட வீட்டு ஸ்பூலை ஏற்றினால், ஒரு தடம் முன்னோக்கியும் அடுத்தது பின்னோக்கியும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்; தர்மபுத்திரர் பேசும்போதே துரியோதனன் தலைகீழாகப் பாடும் இந்தக் குழப்பத்தைக் கேட்டு, நாடா கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவிடுவது எளிது. பதிந்த தடங்களின் அமைப்பைக் காந்தத் துகள் படலத்தால் கண்ணுக்குப் புலப்படுத்திப் பார்த்த பின் உரிய ஹெட்டைத் தேர்வதே முறை. ஒரே ஸ்பூலில் நான்கு தடங்களும் வேறு வேறு ஆண்டுகளில், வேறு வேறு பொறிகளில் பதியப்பட்டிருக்கவும் கூடும். அப்போது தடத்துக்குத் தடம் கோணத்தை மாற்ற வேண்டிவரும்.

ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், 1970களின் இறுதியிலும் 1980களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களை அடைந்தபோது ஸ்பூல் பொறிகள் பரணுக்கு ஏறின. கூத்து ஜமாக்களின் ஆட்டங்களும் கேசட்டுகளாக விற்பனைக்கு வந்தன. கேசட்டின் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே. பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்தால் ஒன்றரை மில்லிமீட்டர் அகலமான ஒற்றைத் தடத்திலும் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழப் பாதியாகிவிடும். இதனால் ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகைத் திருப்பி ஒலியைத் தெளிவாக்கும் கலை, நிலையப் பொறியாளரின் கையிலிருந்து கடைத்தெரு டேப் மெக்கானிக்கின் கைக்கும், அவரிடமிருந்து வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் இறங்கியது. சோதனை நாடா ஏதுமின்றி, பிடித்த பாட்டின் தாளத்தைக் கேட்டே கோணம் அமைத்த அவர்கள், காப்பகங்கள் பின்னாளில் விதியாக எழுதியதைத் தெரியாமலே கடைப்பிடித்தனர். ஆனால் அதற்கு அடுத்த கேசட்டைப் போடும்போது மறுபடியும் திருப்ப வேண்டியிருந்தது.

ஸ்பூல் ஹெட்களைப் பெருமளவில் செய்த நிறுவனங்கள் அத்தொழிலைக் கைவிட்டுவிட்டன. புதுப்பித்தும் இழைத்தும் தருவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலரே. யுனெஸ்கோவும் ஐ.ஏ.எஸ்.ஏ.வும் 2019இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், நாடாக்கள் அழிவதற்கு முன்பே அவற்றை ஓட்டும் பொறிகளும் உதிரிப் பாகங்களும் இயக்கத் தெரிந்தோரும் மறைந்துவிடக் கூடும் என்று அறிவித்தது. கூத்துப் பதிவுகளுள் எஞ்சியுள்ள ஸ்பூல்களை எண்மயமாக்குவோர், தூக்கி எறியத் தோன்றும் பழைய வீட்டுப் பொறியையும் ஸ்பூல்களோடு சேர்த்தே பெற்றுக்கொள்வது நலம். அதன் ஹெட்டை மாற்றாமலும் திருகைத் தொடாமலும் வைத்திருந்தால், எந்தச் சாய்வில் அக்கூத்து பதியப்பட்டது என்பதற்கு வேறெங்கும் கிடைக்காத சான்று அதுவே. தொழில்முறைப் பொறியின் கேட்கும் ஹெட்டை அச்சாய்வுக்கு இணக்கிய பின், எந்தத் தடத்துக்கு எத்தனை சுற்று திருப்பப்பட்டது என்பதையும் பதிவின் விவரக் குறிப்பில் எழுதிவைக்கலாம்.